மொக்கேக்காவும் முதற்பானையும்

என் வயதொத்த அன்பர்களே, உங்களில் சிலர் என்னிடம் நேரிலேயே கேட்டிருக்கிறீர்கள். சிலர் கேட்காமல் மனத்துக்குள் வைத்திருக்கிறீர்கள். ஐம்பது ஆண்டுகளாகக் கோயிலில் பதிகம் பாடி வரும் ஒருத்தி, அம்மன் திருவிழாவுக்குக் கொடியேறி, கையில் காப்பும் கட்டிக்கொண்ட பிறகு, நான்காம் நாளன்று வீட்டில் மண்சட்டி நிறைய மீன் சமைக்கிறாளே, இது என்ன நெறி என்பது உங்கள் கேள்வி. சமைப்பதோடு சரி. நான் உண்பதில்லை, உப்புக்கூடப் பார்ப்பதில்லை. காப்புக் கட்டாத என் மருமகனும், நம் மலையூர் தானா ராத்தாவில் எங்கள் அடுத்த வீட்டில் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பத்தாரும் வயிறார உண்கிறார்கள். ஆயினும் உங்கள் கேள்வி நியாயமானதே. அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் என் ஒன்பதாம் வயதின் ஆடி மாதத்துக்கு உங்களை அழைத்துப் போக வேண்டும்.

அந்த ஆடியில் மழை இல்லை, மூடுபனி மட்டும் இருந்தது. காலையில் எங்கள் லயத்து வரிசைவீட்டுக் கதவைத் திறந்தால் எதிர் மேட்டில் தேயிலை இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. கொழுந்துக் கூடைகளின் ஈர மணமும், ஆலையில் இலை வாடும் மணமும், விறகுப் புகையும் அந்தப் பனிக்குள் தங்கிக் கிடக்கும். அப்பா ஆலையில் இலை வாட்டும் மாடியில் வேலை பார்த்தார். அம்மா, மேட்டுப் பங்களாவில் துரையின் சமையற்காரி.

அம்மாவுக்கு இரண்டு அடுப்புகள் என்று லயத்தில் சொல்வார்கள். ஒன்று பங்களா அடுப்பு. அங்கே அவர் ஆட்டிறைச்சியும் மீனும் சமைப்பார். மற்றொன்று மாரியம்மன் கோயில் வாசலில், திருவிழா நிறைவு நாளன்று மூட்டும் கல் அடுப்பு. அன்று வரிசையாக நாற்பது, ஐம்பது பானைகள் ஏறும். எல்லாவற்றுக்கும் முதலில் ஏறுவது அம்மாவின் பானை. அது பொங்கி வழிந்த பிறகே மற்ற அடுப்புகளில் தீ வைப்பார்கள். அந்த முதற்பானை உரிமையை அம்மா கேட்டுப் பெறவில்லை. ஒரு முறையும் அடிப்பிடிக்காமல், ஒரு முறையும் தீ அணையாமல் பொங்கிய கை என்பதால் கோயிலாரே கொடுத்தது. ஊரில் எங்களுக்கு வேறு சொத்து இல்லை. அது ஒன்றே எங்கள் பட்டம்.

காப்புக் கட்டிய பத்து நாளும் அம்மா பங்களாவில் சமைப்பதை நிறுத்த முடியாது. ஆகவே ஓர் ஏற்பாடு இருந்தது. சமைக்கலாம், சுவைக்கக் கூடாது. வேலை முடிந்து இறங்கும்போது வழியிலுள்ள தண்ணீர்க் குழாயடியில் மஞ்சள் நீரை ஊற்றிக் குளித்த பிறகே லயத்துக்குள் கால் வைக்க வேண்டும். அந்தக் குளிரில், பனிக்குள், பல் கிட்டக் கிட்ட அம்மா குளித்ததை நான் அருகில் மாற்றுச் சேலையோடு நின்று பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் அவர் முகம் சுளித்ததில்லை.

அந்த ஆண்டு வைகாசியிலேயே எங்கள் தோட்டத்துக்குப் புதிய துரை வந்திருந்தார். அதற்கு முன் பிரேசில் நாட்டில் ஒரு கொக்கோத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அங்கேயே, பாயியா என்னும் கடற்கரைப் பகுதியில், மணமும் முடித்திருந்தார். இந்தச் செய்தி ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. பள்ளிப் பிள்ளைகள் கையில் ரோஜா மாலையோடு பங்களா முன்னால் வரிசையாக நின்றோம். கார் வந்தது. எங்கள் பக்கத்துக் கதவைத் திறந்து முதலில் இறங்கியவர் ஒரு பெண். எங்கள் அம்மாமாரின் நிறம். அதைவிடவும் ஒரு மாற்றுக் கூடுதல். சுருண்ட கூந்தலைப் பூப்போட்ட துணியால் சுற்றிக் கட்டியிருந்தார்.

ஆபீஸ் எழுத்தரான கிராணி குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு முன்னால் போனார். ஆங்கிலத்தில் ஒரு முறை சொன்னார். அவருக்குப் புரியவில்லை போலும் என்று மலாயில் ஒரு முறை சொன்னார். கடைசியில் தமிழுக்கு வந்தார்.

"ஆயாவெல்லாம் பின்பக்கமா போவணும்மா. முன்வாசல் துரைக்கும் துரைசானிக்கும்தான்."

அந்தப் பெண் கிராணியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தலையைப் பின்னுக்குச் சாய்த்து, எங்கள் மலைக்கே கேட்கும்படி சிரித்தார். சிரித்துக்கொண்டே பின்பக்கமாகப் போய்விட்டார். மறுபக்கத்துக் கதவிலிருந்து துரை இறங்கி, "என் மனைவி எங்கே?" என்று கேட்டபோது கிராணியின் முகத்தில் ஓடிய வேர்வையை, அந்தப் பனிக்குளிரிலும், ரோஜா மாலையின் ஊடாக நான் கண்டேன்.

லயத்தில் அன்று முழுவதும் அதுவே பேச்சு.

"நம்ம பொண்ணுதான் லா. தஞ்சாவூர்ப் பக்கமா இருக்கும்."

"தஞ்சாவூர்க்காரி எப்படிடீ துரைசானி ஆவா?"

"மொகத்தப் பாத்தியா, எங்க நாத்தனார உரிச்சு வச்ச மாதிரி இருக்கு!"

பின்பக்கமாகப் போன துரைசானி நேரே சமையற்கட்டுக்குள் நுழைந்து, முக்காலியை இழுத்துப் போட்டு, அம்மாவின் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பினாங்கில் சில மாதங்கள் தங்கியபோது கற்ற கொஞ்சம் மலாய் தெரியும். அம்மாவுக்குச் சந்தைக்குப் போய்வந்த மலாய் தெரியும். இரண்டும் சேர்ந்தால் அரைப் பேச்சு. மீதியைக் கைகள் பேசின. இதற்கு முன்னிருந்த துரைசானிகள் மாதம் ஒரு முறை கதவருகில் நின்று குறை சொல்லிப் போனவர்கள். இவர் வெங்காயம் உரித்தார்.

ஆடி பிறந்தபின் ஒரு நாள் துரைசானி ஒரு சிறு நிழற்படத்தைக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினார். வெள்ளைத் தலைத்துணி கட்டிய கறுத்த முதியவள். அவருடைய தாய். நாட்காட்டியில் ஒரு தேதியைத் தொட்டார். கண்களை மூடித் தலையைச் சாய்த்துக் காட்டினார். அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. அது தாயின் திதி நாள். அன்று அந்தத் தாயின் கைப்பக்குவத்தில் ஒரு மீன் சட்டியைச் சமைக்க வேண்டும், அதற்குப் பெயர் மொக்கேக்கா. மீன், இறால், தேங்காய், தக்காளி, குடைமிளகாய், கொத்தமல்லித்தழை என்று பென்சிலால் ஒவ்வொன்றாக வரைந்தார். மண்சட்டியை வரைந்தபோது அம்மா, "எங்க வீட்டுல இருக்கு, தாரேன்" என்றார். கடைசியாகத் துரைசானி ஒரு குலை வரைந்தார். முள் நிறைந்த, சிறு பழங்கள் நெருங்கிய குலை. "மிஞ்ஞாக் மேரா" என்றார். சிவப்பு எண்ணெய்.

அம்மாவின் கையில் இருந்த கத்தி நின்றது.

அது செம்பனை எண்ணெய், சுத்திகரிக்காத செந்நிற எண்ணெய். கீழே சமவெளியில் செம்பனைத் தோட்டங்களில் பிழிவது. அன்பர்களே, நமக்கு அது வெறும் எண்ணெய். நம் பெற்றோருக்கு அது, ஜப்பான்காரன் இந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலம். அரிசி இல்லை, நல்லெண்ணெய் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. மரவள்ளிக்கிழங்கும் அந்தச் சிவப்பு எண்ணெயும்தான். அவற்றைத் தின்று வீங்கிய கால்களோடு எத்தனையோ பேர் இதே லயங்களில் படுத்தார்கள். படுத்தவர்களில் பலர் எழவில்லை.

அன்று மாலை விளக்கு ஏற்றியபின் அம்மா அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னதை நான் கேட்டேன். "எந்தம்பி வாய்ல கடைசியா ஊத்துனது அந்த எண்ணெய் போட்ட கஞ்சிங்க. அப்ப எனக்குப் பத்து வயசு, எங்கையாலதான் ஊத்துனேன். அந்த நாத்தத்த நான் மறுபடி அடுப்புல ஏத்தணுமா?"

அப்பா அதிகம் பேசாதவர். "வாக்குக் குடுத்துட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"தலைய ஆட்டிட்டேன்."

"அப்பக் குடுத்துட்டே."

மீனும் எண்ணெயும் கொண்டுவர ஒருவர்தான் இருந்தார், என் சித்தப்பா. திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கீழே இறங்கும் லாரியின் ஓட்டுநர். கொடியேறிய இரண்டாம் நாள், ஒரு தகர டின்னில் சிவப்பு எண்ணெயும், துரைசானி கேட்டிருந்த ஒரு மூட்டை மரவள்ளி மாவும் ஏற்றி வந்தார். டின்னில் ஓர் ஓட்டை இருந்ததை அவர் கவனிக்கவில்லை. கோயில் வளைவில் லாரி குலுங்கியதிலிருந்து பங்களா வாசல் வரை, தெருவில் சொட்டுச் சொட்டாக ஒரு செங்கோடு விழுந்தது.

அதை முதலில் கண்டவர் பெரிய கங்காணி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கோயில் தலைவர், நரைத்த மீசை, கையில் பிரம்பு. குனிந்து ஒரு சொட்டை விரலில் எடுத்து முகர்ந்தார். நான் கோயில் குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் அந்த விரலை வேட்டியில் மறுபடி மறுபடி துடைத்ததைப் பார்த்தேன்.

லாரியைக் கழுவிக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் போனார். "யாருடா இதக் கொண்டாந்தது?"

"நாந்தான் மாமா."

"யாருக்கு?"

"பங்களாவுக்கு லா. ஒரு டின் எண்ணெய், ஒரு மூட்ட மரவள்ளி மாவு. ஏன், வேணுமா? அடுத்த டிரிப்புல கொண்டாரட்டுமா?"

சித்தப்பா விளையாட்டாகச் சொன்னார். போரின்போது அவர் தொட்டில் பிள்ளை. அவருக்கு எதுவும் நினைவில்லை. ஆனால் அந்தச் சொல் லயத்தில் விழுந்த விதம் வேறு. மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேசிக்கொண்டார்கள், இனி அரிசியில் பாதி மரவள்ளி கலந்து கொடுக்கப் போகிறார்களாம். பத்து மணிக்கு, அரிசியே கிடையாதாம். மதியம், ஜப்பான்காரன் மறுபடியும் கோத்தா பாருக் கடற்கரையில் இறங்கிவிட்டானாம். எங்கள் அடுத்த வீட்டு அத்தை இருந்த அரிசியைத் தலையணைப் பஞ்சுக்குள் கொட்டித் தைத்துவிட்டு, அதன்மேல் படுத்துக்கொண்டார்.

கிராணியைக் கேட்டார்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொன்னால் மதிப்புப் போய்விடும். முன்வாசல் விவகாரத்துக்குப் பிறகு அவரிடம் மிச்சமிருந்த மதிப்பு கொஞ்சமே. "மேலிடத்து விஷயம். வாயத் தெறக்க எனக்கு அனுமதி இல்ல" என்றார். அதோடு ஊருக்கு உறுதியாகிவிட்டது.

பங்களாத் தோட்டக்காரர் அதன்மேல் ஆணி அடித்தார். "துரை மேசையில மரவள்ளி மாவு. வறுத்துத் தூவித் தின்னாரு. எங்கண்ணால பாத்தேன்."

"துரையேவா?"

"துரையே!"

"ஐயோ, துரையே கெழங்கு மாவு தின்னா நாம வேரத்தான்டி தின்னணும்!"

இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று யாரும் சிரிக்கவில்லை. பயத்துக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. அது என் அம்மாவின் முகமாயிற்று. குழாயடியில் அவர் குடம் வைத்ததும் மற்றப் பெண்கள் தங்கள் குடங்களை எடுத்துக்கொண்டார்கள். "பங்களாக்காரிக்கு எல்லாந் தெரியும், வாயத் தெறக்க மாட்டா. அவ வீட்டுக்கு மட்டும் சோறு வந்துரும்" என்று ஒருத்தி காற்றைப் பார்த்துச் சொன்னாள். அம்மா எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார், "அது அவங்க ஊர்ச் சாப்பாடு" என்று. யாரும் நம்பவில்லை. அந்த எண்ணெயை ஒருவர் விரும்பி உண்பார் என்பதை எவர்தாம் நம்புவார்?

அன்று மாலை பெரிய கங்காணி எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"ஏம் புள்ள, நாளைக்கு அந்தச் சமையலா?"

"ஆமாங்கய்யா."

"மீனச் சமைக்கிறது ஒந்தொழிலு, அதக் கோயிலு ஏத்துக்கிச்சு. ஆனா அந்த எண்ணெய் எழவு எண்ணெய். அதத் தொட்ட கையி ஆத்தா பானையத் தொடக்கூடாது. நீ நாளைக்கு அந்தச் சட்டிய ஏத்துனா, ஒம்பானை கோயில் அடுப்புல ஏறாது. யோசிச்சுக்க."

அவர் பிரம்பு ஊன்றிய ஒலி நெடுந்தூரம் கேட்டது. நான் அழுதேன். நிறைவு நாளன்று புதுப்பாவாடை கட்டி, அம்மாவின் பானைக்கு அருகில், எல்லாரும் பார்க்க நிற்பதுதான் என் ஆண்டின் பெருநாள். "முடியாதுன்னு சொல்லிரும்மா" என்றேன். அம்மா சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த பொங்கல் பானையைப் பார்த்தார். பிறகு அடுப்பருகில் இருந்த மீன் சட்டியைப் பார்த்தார். பல ஆண்டு எண்ணெய் குடித்துக் கறுத்த சட்டி அது.

"அவங்கம்மாவுக்குத் திதிடி. வருசத்துல ஒரு நா வாராங்க செத்தவங்க. வெறும் எலைய வச்சு அனுப்புறதா? எந்தம்பிக்கு நான் ஒரு வருசமும் வெறும் எலை வச்சதில்ல."

சட்டியை எடுத்துத் துடைத்தார். அவ்வளவுதான் அவர் சொன்ன பதில்.

மறுநாள் காலை, திருவிழா விடுமுறையாதலால், நானும் அம்மாவோடு பங்களாவுக்குப் போனேன். ஐஸ் பெட்டியில் கடல்மீனும் இறாலும் விடியுமுன்பே சித்தப்பாவின் லாரியில் வந்திருந்தன. துரைசானி வெள்ளை உடை உடுத்தி, வெள்ளைத் தலைத்துணி கட்டியிருந்தார்.

மீன் துண்டுகளில் எலுமிச்சையும் பூண்டும் உப்பும் தடவி வைத்தார்கள். அம்மா வழக்கம்போல் மஞ்சளை எடுத்தார். துரைசானி கையைத் தடுத்தார். புளியை எடுத்தார். அதையும் தடுத்தார்.

"மஞ்சளும் இல்ல, புளியும் இல்ல. கவிச்சி எப்படிப் போவும்?" என்று அம்மா என்னைப் பார்த்துத் தமிழில் முணுமுணுத்தார். துரைசானி தம் மொழியில் ஏதோ முணுமுணுத்தார். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் புகார் சொல்கிறார்கள் என்பது மட்டும் எனக்கு விளங்கியது.

சட்டியின் அடியில் வெங்காய வட்டம், அதன்மேல் தக்காளி, குடைமிளகாய், கொத்தமல்லி. அதன்மேல் மீன். மறுபடியும் அதே வரிசை. மேலே கெட்டித் தேங்காய்ப்பால். ஒரு துளி நீரும் ஊற்றவில்லை. சட்டி கொதிக்கத் தொடங்கியதும் அம்மா அகப்பையை நீட்டினார். துரைசானி பதறி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். கிளறக் கூடாதாம். துணியால் சட்டியின் இரு காதையும் பிடித்து, குழந்தைத் தொட்டிலைப் போல மெல்ல ஆட்ட வேண்டுமாம். அம்மா ஒரு முறை பார்த்தார். இரண்டாம் முறை அவரே ஆட்டினார். மீன் ஒன்றும் உடையவில்லை. துரைசானி நாக்கைச் சொடுக்கி வியந்தார். அந்த வியப்பைப் பார்த்து என் நெஞ்சு நிறைந்தது.

பிறகு அந்த எண்ணெய்.

டின்னிலிருந்து அகப்பையில் எடுத்துத் துரைசானி சட்டிக்குள் வட்டமாக ஊற்றினார். வெண்பால் மஞ்சளாகி, மஞ்சள் செம்பொன்னாயிற்று. ஆவி எழுந்தது. பழுத்த கனிக்கும் ஈர மண்ணுக்கும் இடையில் ஒரு மணம். துரைசானி கண்களை மூடிக்கொண்டார். கன்னத்தில் நீர் வழிந்தது. அவர் தம் தாயின் வீட்டுக்குப் போய்விட்டார். அதே நொடியில் அம்மா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு சுவரோரம் சாய்ந்தார். அவரும் ஒரு வீட்டுக்குத்தான் போனார். அங்கே வீங்கிய காலோடு ஒரு சிறுவன் படுத்திருந்தான். ஒரே சட்டி, ஒரே ஆவி. ஒருத்திக்கு அமுதாகவும் ஒருத்திக்கு நஞ்சாகவும் அது எழுந்ததை நான் பார்த்தேன். நஞ்சை உண்டு, அதைக் கீழும் இறக்காமல் மேலும் உமிழாமல் கண்டத்திலேயே நிறுத்திய பெருமானை நான் பிற்காலத்தில் எத்தனையோ பதிகங்களில் பாடியிருக்கிறேன். பாடும்போதெல்லாம் என் கண்முன் நிற்பது தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்ற என் அம்மாதான். சில மூச்சுகளுக்குப் பின் அவர் திரும்பி வந்து சட்டியின் காதைப் பிடித்து ஆட்டினார்.

துரைசானி சுவை பார்க்கக் கரண்டியை நீட்டினார். அம்மா மணிக்கட்டை உயர்த்தி மஞ்சள் நூலைக் காட்டினார். துரைசானி அந்த நூலை விரலால் தொட்டார். பிறகு தம் இடக்கை உடுப்பை மேலே தள்ளினார். அங்கே, நீர்பட்டு நிறம் வெளுத்த ஒரு நாடா மூன்று முடிச்சோடு கட்டியிருந்தது. அவர் ஊரிலும் வேண்டுதலுக்குக் கையில் கட்டிக்கொள்வார்களாம். இருவரும் இரு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அதற்குமேல் மலாயும் தேவைப்படவில்லை.

அம்மா ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு, ஊதி, முகர்ந்தார். "உப்பு ஒரு சிட்டிகை பத்தல" என்றார். துரைசானி சுவைத்துப் பார்த்துவிட்டு அம்மாவை வியப்போடு நோக்கினார். ஒரு சிட்டிகை போட்டார். குழந்தைகளுக்குக் காப்பு இல்லை. ஆகவே அடுத்த கரண்டி எனக்கு. தேங்காய்ப்பாலின் இனிப்பு, எலுமிச்சையின் புளிப்பு, கடைசியில் தொண்டையில் தங்கிய அந்தச் செம்மணம். அறுபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. இன்னும் தங்கியிருக்கிறது.

அப்போதுதான் வெளியே ஆரவாரம் கேட்டது. லயமே திரண்டு பங்களாவின் பின்முற்றத்துக்கு வந்துவிட்டது. முன்னால் பெரிய கங்காணி. மணம் காற்றில் இறங்கி அவர்களை எட்டியிருக்க வேண்டும்.

துரைசானி எட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. அவர் நாட்டில் திதி நாளில் ஊரார் கூடி வந்து உண்பார்களாம். தம் தாய்க்காகத்தான் இத்தனை பேரும் மேடேறி வந்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். தட்டில் சோறு போட்டு, மேலே செந்நிற மீனும் குழம்பும் ஊற்றி, ஓரத்தில் மரவள்ளிக் களி வைத்து, இரு கைகளாலும் ஏந்திப் போய்ப் பெரிய கங்காணியின் முன் நீட்டினார்.

கங்காணி ஓர் அடி பின்வாங்கினார். அம்மா ஓடிப்போய் இருவருக்கும் நடுவில் நின்று, துரைசானிக்குக் கங்காணியின் கைக்காப்பைக் காட்டினார். துரைசானி தலையாட்டித் தட்டைத் தாழ்த்திக்கொண்டார்.

"அரிசிய நிறுத்தப் போறாங்களா இல்லியா? அத மட்டும் சொல்லு" என்றார் கங்காணி.

"தட்டப் பாருங்கய்யா. அது என்ன? சோறு. நிறுத்தப் போறவங்க வீட்டுல சோறு எதுக்கு வேவுது?" அம்மாவின் குரல் உயரவில்லை. "இன்னிக்கு அவங்க தாயாருக்குத் திதி. இது அவங்க ஊருச் சமையலு. வேற ஒண்ணுமில்ல."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு ஓடியது. திதி என்ற சொல்லுக்கு முன்னால் எங்கள் சனம் எப்போதும் தலைகுனியும். அடுத்த வீட்டு அத்தை மட்டும், "அடி பாவிகளா, அரிசியெல்லாம் பஞ்சோட கலந்து போச்சே!" என்றார். சிலர் சிரித்துவிட்டார்கள்.

கங்காணி சிரிக்கவில்லை. "திதிக்கு ஒலகத்துல வேற எண்ணெயே இல்லியா? இந்தப் பொண வாசம் புடிச்ச எண்ணெயா?"

அம்மா தட்டிலிருந்த செங்குழம்பைப் பார்த்தார். பிறகு கேட்டார். "ஜப்பான்காரன் காலத்துல ஆத்தாளுக்கு எந்த எண்ணெய்லய்யா வெளக்கு எரிஞ்சுச்சு?"

கங்காணி பிரம்பின் நுனியால் மண்ணைக் கீறினார்.

"ஒரு நா கூட வெளக்கு அணையல. எனக்கு நெனப்பு இருக்கு. எந்தம்பிய எடுத்துட்டுப் போன அன்னிக்கும் எரிஞ்சுச்சு. கீழ தாப்பாவுக்கு நடந்து எறங்கி, அந்த எண்ணெயத் தலையில சொமந்து மலையேத்துனது யாருங்கய்யா?"

"நாந்தான்" என்றார் கங்காணி.

"அத ஆத்தா வேணாம்னு சொல்லலியே."

அன்று அந்த மனிதரைக் கொடியவர் என்று நான் வெறுத்திருந்தேன். நான் வளர்ந்த பிறகே தெரிந்தது, அவர் சுமந்து வந்த எண்ணெயில் கஞ்சி குடித்த பிள்ளைகளில் இருவர் அவருடைய பிள்ளைகள். இருவரும் பிழைக்கவில்லை. அவர் கோபம் என்று எங்களுக்குத் தெரிந்தது கோபமே அன்று. தெருவில் விழுந்த சொட்டுகளில் அவர் எதை முகர்ந்தார் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. ஊரே அவரைத் தவறாக எடைபோட்டிருந்தது, நான் உட்பட.

அவர் திரும்பிப் போகப் புறப்பட்டார். இரண்டு எட்டு வைத்து நின்றார்.

"அந்த டின்னுல எண்ணெய் மிச்சம் இருக்கா?"

"இருக்குங்கய்யா."

"ஒரு பால்டின் அளவு குடு."

நிறைவு நாள் விடியலில் நாங்கள் கோயிலுக்குப் போனபோது அம்மா பானையை இடுப்பில் வைத்திருந்தார். அது ஏறுமா ஏறாதா என்று அவருக்கே தெரியாது. கங்காணியும் அதுவரை ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. அம்மா வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார். சந்நிதியில் வழக்கமான நல்லெண்ணெய் விளக்குகள். அவற்றுக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் அகல், செந்நிற எண்ணெய் நிறைந்தது. கங்காணி அதைத் தம் கையால் ஏற்றினார். "அந்தக் காலத்துல போன புள்ளைங்களுக்கு" என்றார். வேறு விளக்கம் சொல்லவில்லை. பிறகு வாசலைப் பார்த்து, பழைய வேலைத்தலத்துக் குரலில் கூவினார்:

"மொதப் பானை எங்க? எம்மாம் நேரம் அடுப்பு காத்துக்கிட்டு கெடக்கு!"

அம்மா முன்னால் நடந்தார். நான் புதுப்பாவாடையோடு அவர் பின்னால் நடந்தேன். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். பால் பொங்கி, கிழக்கு விளிம்பில் நுரைத்து வழிந்தபோது எழுந்த குலவை மலை முழுதும் ஓடியது. ஓரத்தில் துரைசானியும் துரையும் நின்றிருந்தார்கள். கற்பூரமும் சாம்பிராணியும் நிறைந்த அந்தக் காற்றில், கூட்டம் எல்லாம் பானையைப் பார்த்திருக்க, துரைசானி ஒருவர் மட்டும் மூக்கை உயர்த்தி, முகத்தைத் திருப்பி, அந்தச் சிறிய அகலைத் தேடிக் கண்டுபிடித்தார். கண்டதும் கைகுவித்தார். நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.

இரண்டு ஆண்டுகளில் துரைக்கு மாற்றல் வந்தது. புறப்படும்போது துரைசானி கேட்ட ஒரே பொருள் அந்தக் கறுத்த மண்சட்டி. பூப்போட்ட தலைத்துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு காரில் ஏறினார். அது கடல் கடந்ததோ வழியில் உடைந்ததோ, அறியேன். அவர் பெயரும் எனக்குத் தெரியாது. துரைசானி என்றே அழைத்தோம், துரைசானி என்றே விடைகொடுத்தோம். அம்மா தம் இறுதி ஆண்டு வரை முதற்பானை ஏற்றினார். கொடியேறிய நான்காம் நாள், இறுதி ஆண்டு வரை, மொக்கேக்காவும் சமைத்தார். எண்ணெயைச் சட்டியில் ஊற்றும் கணத்தில் தலைப்பை வாயில் வைத்துக்கொள்வது மட்டும் கடைசிவரை நிற்கவில்லை.

இப்போது அந்த நாள் என்னுடையது. இதுதான், அன்பர்களே, நீங்கள் கேட்ட நெறி. பெயர் தெரியாத ஒரு தாய்க்கு, நான் பார்த்திராத ஒரு கடற்கரைக்காரிக்கு, அவள் மகள் எங்கிருக்கிறாள் என்று அறியாமலே, நான் திதிச் சமையல் செய்கிறேன். வெறும் இலை வைப்பது எங்கள் வீட்டு வழக்கம் இல்லை.

சென்ற ஆண்டு அடுத்த வீட்டுக்காரர் உண்டு முடித்துவிட்டுக் கேட்டார், "அக்கா, ருசி பாக்காமலே எப்படிக்கா உப்பு இவ்வளவு கணக்கா விழுது?"

புறங்கையை அவர் முன் நீட்டிக் காட்டினேன்.